ஊதினால் தளரும் வண்டி

கடைத்தெருவில் அவளை எல்லோரும் கம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். தலைமுடியை விட மெல்லிய செம்புக் கம்பியை அறுந்துவிடாமல் சுற்றி, சின்னஞ்சிறு மோட்டார்களை ஓட வைப்பவள். கோபம் வந்தால் அசல் இரும்புக் கம்பி. பழைய பொம்மை ரயில்களைப் பழுதுபார்க்கும் அந்தக் கடையில் பட்டறை அவளுடையது, கல்லா அண்ணனுடையது.

காய்ச்சலில் படுத்திருந்தவள் அன்றுதான் கடைக்கு வந்தாள். பல் டாக்டரம்மாவின் கறுப்பு நீராவி எஞ்சின் மேசைத் தண்டவாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சிறு வயதில் அந்த அம்மாவும் அவர் தம்பியும் விளையாடிய வண்டி. "உன் கையைத் தவிர வேற கை படக் கூடாது" என்று சொல்லி, பழுதுபார்க்க அவளிடம் விட்டிருந்தார். கம்பியும் வாக்குக் கொடுத்திருந்தாள்.

அண்ணன் பெருமையாகப் பொத்தானை அழுத்தினான். கூவென்று விசில் வந்தது. வண்டி தளரவில்லை.

கம்பி சட்டென்று குனிந்து காது கொடுத்தாள். எஞ்சினுக்குப் பின்னால் போகும் கரிப்பெட்டிக்குள் ஒரு குட்டி விசிறியும் ஒரு தகரக் கூண்டும் உண்டு. விசிறி தள்ளும் காற்று கூண்டின் சிறு வாய் வழியே போய் விசிலாக ஊதும். எஞ்சின் குடிக்கும் மின்சாரத்தில்தான் விசிறியும் பங்கு கேட்கும் என்பதால், ஊதும்போதெல்லாம் வண்டி கொஞ்சம் தளரும். அவள் எஞ்சினைக் கையால் அமுக்கிப் பிடித்தாள். சக்கரம் நின்றது. 'சுக்கு சுக்கு' சத்தம் மட்டும் நிற்கவில்லை.

"பொணத்துக்குப் பாட்டு கத்துக் குடுத்திருக்கியா? உள்ள என்ன வெச்சே?"

"ஸ்பீக்கர். ஊதினா வண்டி தளருதுல்ல, அந்தக் கோளாறை எடுத்துட்டேன்."

"கோளாறுன்னு எவன் சொன்னான்? நான் உன் கல்லாவுல கை வெச்சிருக்கேனா? கூண்டு எங்க?"

"பழைய இரும்புக்காரன் காலையில வந்தான்..."

முழுதும் கேட்க அவள் அங்கே இல்லை.

"என்னம்மா, கொலை பண்ண வர்ற மாதிரி வர்றே?" என்றார் பழைய இரும்புக்காரர்.

"பண்ணத்தான் போறேன். முதல்ல அந்தத் தகரக் கூண்டைக் குடுங்க."

மூட்டையைக் கொட்டித் தேடினாள். கிடைத்தது. ஆனால் அண்ணன் குறடால் நெம்பிப் பிடுங்கியதில் ஊதும் வாய் கிழிந்திருந்தது. ஒட்டலாம், அந்தக் குரல் வராது.

மாலையில் டாக்டரம்மா வந்தார். "வாயைத் திறக்காதே. இந்தச் சத்தமே அவங்களுக்குப் பிடிச்சிடும்" என்று அண்ணன் கிசுகிசுத்தான். கம்பி கிழிந்த கூண்டை எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"பண்ணினவன் நீதானே, உன் வாயாலயே சொல்லு" என்றாள் அண்ணனிடம்.

அவன் மென்று விழுங்கிச் சொன்னான். டாக்டரம்மா கூண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்பீக்கரைப் பிடுங்கி மேசையில் போட்டார். எஞ்சினையும் கரிப்பெட்டியையும் கூண்டையும் பைக்குள் வைத்தார். அண்ணனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"உன்னை நம்பித்தானேம்மா குடுத்தேன்?"

அவளுக்கு முகம் எரிந்தது. திட்டு வாங்க வேண்டியவன் கல்லாவில் தலைகுனிந்து நகம் கடித்துக்கொண்டிருந்தான்.

டாக்டரம்மா தெரு திரும்பியதும் பலகையையும் ஆணியையும் எடுத்தாள். பட்டறைக்கும் கல்லாவுக்கும் நடுவில் அடிக்க ஆரம்பித்தாள்.

"கூடப் பொறந்தவனுக்கே தடுப்பா?" என்று பரிதாபமாகக் கேட்டான் அண்ணன்.

"கூடப் பொறந்தவன்கிறதாலதான் பலகை. இல்லேன்னா செங்கல்லு வெச்சுக் கட்டியிருப்பேன். தள்ளி நில்லு."