அக்காவின் ரத்தத்தில் என்னைத் தேடினார்கள்

பல் தேய்க்கும்போது ஈறில் கசிந்த ரத்தம் மத்தியானமாகியும் நிற்கவில்லை. ஒரு வாரத்தில் நோய்க்குப் பெயர் கிடைத்தது: லுகேமியா (ரத்தப் புற்றுநோய்). எலும்பு மஜ்ஜையை (எலும்புக்குள் ரத்தம் உண்டாகும் இடம்) மாற்ற வேண்டும் என்றார்கள். பொருந்தியது என் அக்கா ராஜத்தினுடையது மட்டும்.

திருவனந்தபுரத்திலேயே கரமனையிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கியவள் சொன்னாள்: "சின்ன வயசிலேர்ந்து என் பங்கையும் சேர்த்துத் தின்னவன்தானே நீ? எலும்புக்குள்ள இருக்கறதையும் எடுத்துக்கோடா. என் கோபமும் கூடவே வரும், கேட்டியா? அப்பறம் குத்தம் சொல்லப்படாது."

சிகிச்சை வெளியூரில் நடந்தது. திருவனந்தபுரம் திரும்பிய சில மாதங்களில் அக்கா மாரடைப்பில் போய்விட்டாள். மஜ்ஜை கொடுத்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை என்றார் டாக்டர். அதையே அவரிடம் பலமுறை கேட்டேன். தொற்று பயத்தால் என்னைக் கூட்டத்துக்குள் விடவில்லை. அவள் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை.

பிறகு ஃபிஷ் பரிசோதனை (குறிப்பிட்ட மரபணு வரிசையைத் தேடி ஒட்டிக்கொள்ளும் ஒளிர்சாயத்தால் அதைக் கண்டறியும் முறை). ஆணின் செல்லில் ஓர் எக்ஸ், ஒரு ஒய். பெண்ணின் செல்லில் இரண்டு எக்ஸ். ஒய் ஒளிர்ந்தால் என் பழைய செல்கள் மிச்சமிருக்கின்றன, நோய் திரும்பலாம். ஒளிராவிட்டால் ரத்தம் முழுவதும் அக்காவினுடையது. பிழைக்க வேண்டுமானால் நான் அகப்படக் கூடாது.

ஒரு தனியார் ஆய்வகத்திலிருந்து அறிக்கை வந்தது. ஆணின் பெயர், பெண்ணின் ரத்தம். மாதிரி மாறியிருக்கிறது, மறுபடி அனுப்பவும் என்று எழுதியிருந்தார்கள். மஜ்ஜை மாற்றியதை யாரும் அவர்களுக்குத் தெரிவித்திருக்கவில்லை. இன்னொரு முறை காத்திருக்க என்னிடம் தெம்பில்லை.

டாக்டர் மலையாளி, என்னிடம் தமிழ் பேசிப் பார்ப்பவர். படித்துவிட்டு உரக்கச் சிரித்தார்.

"கரையண்டா சாரே, அழாதீங்க. ஆளு மாறல்லை, ரத்தம்தானே மாறியது! ஒரு ஒய் கூட காணல்லை. இதுக்கல்லே நாம காத்திருந்தது?"

நானும் சிரித்தேன். வராந்தாவில் இருந்த ஒரு ரூபாய் போனை எடுத்து, அக்கா வீட்டு எண்ணில் பாதியை அழுத்திய பிறகுதான் நினைவு வந்தது. பின்னால் நின்றவர், "கழிஞ்ஞோ?" (பேசி முடிந்ததா?) என்று கேட்டார். நகர்ந்து வழிவிட்டேன்.

வந்த தையில், கனுப்பொங்கல் காலையில், என் மனைவி தன் அண்ணாமார்களுக்காகக் கனுப்பிடி (உடன்பிறந்த ஆண்கள் நலமாயிருக்கப் பெண்கள் காக்கைக்கு வைக்கும் சோறு) வைக்க மாடியில் மஞ்சள் இலை விரித்தாள். எனக்காக வைக்க யாருமில்லை. நான் ஒரு பிடி சோற்றை எடுத்தேன்.

"ஆம்பளைகள் வைக்கறது வழக்கமில்லையே?"

"லாப்ல பொம்மனாட்டின்னுதானே எழுதியிருக்கா."

அவள் சிரிக்கவில்லை. இலையை என் பக்கம் நகர்த்தினாள். வைத்தேன்.

இதே பரிசோதனைக்குக் காத்திருப்பவர்கள், அறிக்கை சுத்தமாக வந்த பிறகு என்ன மாறும் என்று என்னிடம் கேட்பதுண்டு. சவரத்தில் கீறல் விழுந்தால் உடனே துடைக்க மனம் வருவதில்லை. சற்று நேரம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா எனக்கு மூத்தவள். வருகிற ஆவணியில், அவள் நின்றுபோன வயதை நான் கடக்கிறேன். அன்று முதல் அவள் எனக்குத் தங்கை. அவள் ரத்தத்துக்கு மட்டும் அது தெரியாது. என்னோடு சேர்ந்து மூப்படைந்துகொண்டிருக்கும்.