மஞ்சத் தொப்பி வென்டலின்

சுவீடன்காரன் எங்க ஊரைப் பிடிச்சு நானூறு வருஷம் ஆகப்போகுது. ஆனாலும் விடமாட்டான், ஜூன் மாசமானா திரும்ப வந்துருவான். எல்லாம் ஊர் விழா நாடகத்துல வேஷம் கட்டுற நம்ம தீயணைப்புப் பசங்கதான், ஒட்டுமீசையோட. அவங்களுக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிடுற துரோகி, ஸ்கூல் பஸ் ஓட்டுற வென்டலின். மஞ்சத் தொப்பியோட வந்து திறப்பாரு. மதில் மேல நிக்கிற சனம் அழுகின முட்டைக்கோஸால அடிக்கும்.

அந்தத் தொப்பியை வேற ஒருத்தர் தானா கேட்டு வாங்கணும். அதுவரைக்கும் பழைய ஆளேதான். கல்யாணமான வருஷம் விளையாட்டா வாங்கினாரு வென்டலின். அப்புறம் ஒருத்தரும் கேக்கல. பஸ்ல ஏறுற வாண்டுங்ககூட, "துரோகி மாமா, கதவைத் திற!"ன்னுதான் கத்தும்.

இந்தத் தடவை அவர் சம்சாரம் ஒட்டீலிக்குப் புத்துநோய் முத்திப்போச்சு. அடுத்த வருஷ விழாவுக்கு இருக்கமாட்டாங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. விழாச் சங்கக் கூட்டத்துல எந்திரிச்சாரு வென்டலின்.

"இந்த ஒரு வருஷம் மதில் மேல அவ பக்கத்துல நின்னுக்கிறேன். யாராவது வாங்கிக்கங்கப்பா."

"ம்ம்ம், உங்க மூஞ்சிக்குத்தானே அது எடுப்பா இருக்கு!" தலைவி ராய்ன்ஹில்ட் அம்மா, வழக்கம்போல மூக்கால.

ரொட்டிக்கடை புர்க்ஹார்ட் தொண்டையைச் செருமிக்கிட்டு, "நான் துரோகியானா என் ரொட்டியை எவன்யா திம்பான்?"

ஒரே சிரிப்பு. வென்டலின் தொப்பியை ஆணியில மாட்டிட்டு வெளியே போயிட்டாரு.

விழா அன்னிக்கு மழை. மதில் மேல, ஒட்டீலியோட சக்கர நாற்காலி பக்கத்துல, சாதாச் சட்டையில நின்னாரு. கீழ சுவீடன்காரங்களுக்கு மீசை கழண்டு விழுது.

"யோவ், எவனாவது திறங்கய்யா!"

"தாழ்ப்பாளே கிடையாது, தள்ளிட்டு வாங்கடா!"ன்னாரு வென்டலின்.

யாரும் தள்ளல. சனம் கைதட்டிக்கிட்டு அவர் பேரைக் கத்த ஆரம்பிச்சுது. தொப்பியை யாரோ கொண்டுவந்து நீட்டுனாங்க. அவர் அசையல.

ஒட்டீலிதான் சொன்னாங்க: "போய்யா. எனக்குக் குளிருது. நீ திறந்தாத்தானே இது முடியும்."

போனாரு. திறந்தாரு. கோஸ் பறந்துச்சு. ஒட்டீலியும் ஒரு இலையை எடுத்து எறிஞ்சாங்க. கையில வலு இல்ல, மடியிலேயே விழுந்துச்சு.

ஆகஸ்ட்ல அவங்க போயிட்டாங்க.

அடுத்த கூட்டத்துல புர்க்ஹார்ட் எந்திரிச்சு, "தொப்பியை நான் வாங்கிக்கிறேன். நீ மதில்ல நில்லு"ன்னாரு.

"யார் பக்கத்துல?"

புர்க்ஹார்ட் உக்காந்துட்டாரு. வென்டலின் ஆணியிலிருந்து தொப்பியை எடுத்துத் தலையில வச்சுக்கிட்டு, பீர் கேட்டாரு.