ஹெலிக்குச் சைலன்சர்

ஹெலிகொப்டரின் சத்தத்தைக் குறைப்பது என் வேலை. கல்முனைக்குடியில் இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கு உயிர் போய் வரும். "ராத்தா ஹெலிக்குச் சைலன்சர் பூட்டுறா" என்று தம்பி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறான். சைலன்சரும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. மேலே சுழலும் ஒவ்வோர் இறக்கையும், முன்னே போன இறக்கை கிளப்பிவிட்ட காற்றுச் சுழியில் மோதுகிறது. ஹெலி தாழ இறங்கும்போது நெஞ்சில் இடிக்கிற அந்தச் சத்தம் பெரும்பாலும் அதனால் வருவது. நாங்கள் இறக்கையின் பின்விளிம்பில் சின்ன மடல்களைப் பொருத்துகிறோம். ஒரு சுற்றுக்குள் பலமுறை கணினி அவற்றை அசைக்கும். மோதல் தணியும், சத்தமும் குறையும்.

ஏன் இந்தத் துறைக்கு வந்தாய் என்று வெளிநாட்டில் கேட்பார்கள். கணக்குப் பிடிக்கும் என்பேன். அது பச்சைப் பொய்.

சண்டைக்காலத்தில் உம்மா எங்களுக்குச் சொல்லித் தந்தது ஒன்றுதான்: ஹெலிச் சத்தம் கேட்டால் சோற்றுக் கோப்பையைப் போட்டுவிட்டுக் கட்டிலுக்குக் கீழே போய்விட வேண்டும். வெடி எங்கே விழும் என்று யாருக்குத் தெரியும்?

சுனாமி அடித்த அன்று உம்மா, வாப்பா, தம்பி, நான் என்று நாலு பேரும் பக்கத்து வளவில் பாதி கட்டிய மாடியில் ஏறிக் கிடந்தோம். வாப்பாவின் தொடையைத் தகரம் கிழித்திருந்தது. உம்மா முந்தானையைக் கிழித்துக் கட்டியும் இரத்தம் நிற்கவில்லை. அப்போது ஹெலி ஒன்று தாழப் பறந்து வந்தது. உயிரோடு இருப்பவர்களைத் தேடித்தான் வந்தது. எங்களுக்கு எங்கே தெரியும்?

"உள்ளுக்கு வாங்க, கெதியா!" என்று உம்மா கத்தினார்.

ஒரு மூலைக்கு மட்டும் கூரை போட்டிருந்தது. உம்மா ஒரு கையும் நான் ஒரு கையுமாக வாப்பாவை அதற்குள் இழுத்தோம். ஹெலி இரண்டு தரம் சுற்றிப் பார்த்தது. யாரும் கண்ணில் படாததால் திரும்பிப் போய்விட்டது. சத்தம் அடங்கியதும் உம்மா "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

அஸர் தொழுகைக்கு முன் வாப்பாவின் மூச்சு நின்றது, மௌத்தாகிவிட்டார். அடுத்த தெருவில் கூரையில் நின்று கை காட்டியவர்களை அதே ஹெலி ஏற்றிப்போனதாகப் பிறகு கேள்விப்பட்டோம். அதைக் கேட்ட நாளிலிருந்து உம்மா அந்த நாளைப் பற்றி ஒரு சொல் கதைத்ததில்லை.

இந்தப் பெருநாளுக்கு நான் ஊருக்கு வந்திருந்தபோது, "உம்மாக்கு உங்கட சைலன்சரக் காட்டுங்களன் ராத்தா" என்று தம்பி ஆரம்பித்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாயை மூடு என்றேன். உம்மாதான் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தார்.

"போடு மகள், கேப்பம்."

மடிக்கணினியில் முதலில் சாதாரண ஹெலியின் ஒலிப்பதிவைப் போட்டேன். உம்மாவின் விரல்கள் கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தன. பதறிப்போய் நிறுத்திவிட்டு, மடல்கள் வேலை செய்யும்போது எடுத்த மற்றதைப் போட்டேன்.

"இதுவும் ஹெலிதானா?"

"ஓம் உம்மா."

"தையல் மெசின் மாதிரியெல்லோ இரிக்கி."

தம்பி சிரித்தான். உம்மா சிரிக்கவில்லை. இன்னொரு தரம் போடச் சொன்னார். பிறகு இன்னொரு தரம். தலைக்கு மேலே நேரில் வந்தால் இவ்வளவு மெதுவாக இருக்காது என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்ல மனம் வரவில்லை.

"இந்தச் சத்தத்தில வந்திருந்தா, நான் கை காட்டியிருப்பன் மகள்," என்றார்.

"நானும்தானே உம்மா வாப்பாவ உள்ளுக்கு இழுத்தன்," என்றேன்.