ஊறுகாய்க்குக் கீழே ஒரு அறை

சிங்கப்பூரில் கள் குடிக்க வரிசையில் நிற்க வேண்டும். நம்மூர் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு நிற்பதுபோல, முன்னால் இருப்பவர் முதுகைப் பார்த்தபடி, சண்டை சச்சரவு இல்லாமல். கடை கவர்ன்மென்ட்டுடையது. திறக்க ஒரு நேரம், மூட ஒரு நேரம். நான் வந்திறங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா என்னை அங்கே கூட்டிப்போய்க் கையில் ஒரு குவளையைக் கொடுத்தார். ஒரு வாய்தான் வைத்தேன். காக்கி உடுப்பில் ஒருவர் உள்ளே வந்து பீப்பாயைத் திறந்து மோந்து பார்த்தார். குவளையைச் சாக்கடையில் வீசிவிட்டு ஓட்டம் பிடித்தேன். ஒரு செருப்பு கடையிலேயே தங்கிவிட்டது. பாதி தூரம் ஓடி, மீதி தூரம் பஸ் ஏறி, அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்த ஜூரோங் சூளைக்கு வந்து, நெருப்பில்லாத சூளைக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டேன். அந்தச் சூளை ரயில்பெட்டிபோல நீளமாக, மேட்டுச் சரிவில் படுத்திருக்கும். ஒளிய வசதி.

சூளைக்கு நெருப்பு போடுகிற ஆ ஹாக் என்கிற சீனர்தான் என்னைக் கண்டுபிடித்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது, இரண்டு பேருக்கும் பொதுவாக நாலு மலாய் வார்த்தை. அதில் ஒன்று மாத்தா, அதாவது போலீஸ். அதைச் சொல்லி வெளியே கையைக் காட்டினேன். அவர் என் ஒற்றைச் செருப்பைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், நான் யாரையோ கொன்றுவிட்டு வந்திருக்கிறேன் என்று முடிவு செய்துவிட்டார். நல்ல மனுஷன். ஒரு கிண்ணம் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, சூளை வாசலைச் செங்கல்லால் அடைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் சித்தப்பா மறு செருப்போடு வந்து என்னை வெளியே எடுத்தார்.

"அந்தாளு கள்ளுல ஏதாச்சும் கலந்திருக்குதான்னு பாக்க வந்தவருடா. நாம நல்லதா குடிக்கணும்னு கவர்ன்மென்ட்டு சம்பளம் குடுத்து வச்சிருக்குது."

இதை விருத்தாசலத்துக்காரனிடம் சொன்னால் எப்படி நம்புவான்? எங்கள் ஊரில் அப்போது மதுவிலக்கு. காக்கி வந்தால் குடித்தவனும் ஓடுவான், குடிக்காதவனும் ஓடுவான். நான் அங்கே பீங்கான் ஜாடி செய்கிற சூளையில் வேலை பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்கு மழைக்கு ஒதுங்கியதோடு சரி, ஆனால் கை மட்டும் படித்த கை. அக்கா புருஷன் கொளஞ்சி மாமா ஒருநாள் கேட்டார்: சாராயம் தூக்கிப்போனால் போலீஸ் மோந்து பிடிக்கிறதே, வழி உண்டா? உண்டு என்றேன். ஊறுகாய் ஜாடிக்குள் பாதியில் ஒரு தளம் வைத்தேன். மேல் அறையில் மாங்காய் ஊறுகாய், கீழ் அறையில் சாராயம். சுடும்போது வெடிக்காமல் இருக்க அடியில் ஒரு ஓட்டை. அதன் வழியாக ஊற்றி மெழுகால் அடைத்துவிட்டால் முடிந்தது. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

எழுதத் தெரியாது என்பதால் அந்த ஜாடிகளுக்கு அடையாளமாக ஒரு நீலப் பொட்டு வைத்தேன். வண்டியில் ஏற்றியவன், பொட்டு வைத்ததெல்லாம் உசத்திச் சரக்கு என்று நினைத்து, அத்தனையையும் கடைத்தெருவின் பெரிய கடைக்கு அனுப்பிவிட்டான். அதில் ஒன்றை வாங்கியது ஏட்டு வீட்டம்மா. நூறு மாங்காய் போடும் ஜாடியில் ஐம்பதுக்கே வாய் நிரம்பிவிட்டதாம். ஏட்டு ஜாடியைக் கவிழ்த்தார், தட்டினார், ஓட்டையில் விரல் விட்டார், நேராகச் சூளைக்கு வந்தார். புது ஜாடி, உள்ளே ஒரு சொட்டும் இல்லை, கேஸ் நிற்காது. "இனிமே இந்த ஊர்ல எந்த ஜாடி பாதி புடிச்சாலும் உன்னத்தான்டா புடிப்பேன்" என்று மட்டும் சொன்னார். சிங்கப்பூர் வரச்சொல்லிச் சித்தப்பா அனுப்பிய பேப்பர் ஆறு மாதமாகப் பெட்டியில் கிடந்தது. அன்றைக்கே எடுத்துத் தூசி தட்டினேன். குடும்பத்தைக் காப்பாற்றக் கப்பல் ஏறியவர்கள் உண்டு. நான் ஊறுகாயால் ஏறியவன்.

நான் இங்கே காக்கியைப் பார்த்தும் உட்கார்ந்து குடிக்கப் பழகிய சமயம், அக்காவிடமிருந்து கடிதம். ஏரிக்கரையில் எவனோ காய்ச்சியதில் என்னத்தையோ கலந்திருக்கிறான், மாமாவுக்கு இடது கண் போய்விட்டது. அதற்கப்புறம்தான் எழுபத்தொன்றில் நம்மூரிலும் கடை திறந்தார்கள். அக்கா ஆள் வைத்து எழுதியனுப்பினாள்: அதே குடிதான், குறையவில்லை, ஆனால் எங்கே கிடப்பார் என்று தெரிகிறது, போய் எழுப்பிக்கொண்டு வருகிறேன். பக்கத்துத் தெருப் பொடியன்கள்கூடக் கடைக்குப் போவதாகத் திட்டியும் எழுதியிருந்தாள். மூன்று வருஷத்தில் மூடினார்கள். மாமா மறுபடி ஏரிக்கரைக்குப் போனார். அப்போது வந்த அக்காவின் கடிதத்தைச் சித்தப்பா படித்துக் காட்டினார்.

"அந்தச் சாராய அடுப்பு எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும். ஏட்டுக்கிட்ட சொன்னா மாமாவையும் சேத்துப் புடிப்பாங்க. சொல்லலன்னா இருக்கிற கண்ணும் போயிடும். நீ என்னா சொல்றியோ அதச் செய்றேன் தம்பி."

சித்தப்பாவுக்குச் சந்தேகமே இல்லை. கடையைத் திறந்து வைத்து, காக்கிக்காரரை விட்டு மோந்து பார்க்கச் சொன்னால் யாருக்குக் கண் போகும் என்றார். ஆ ஹாக் சிரித்தார்; இத்தனை வருஷத்தில் எங்கள் மலாய் நாலு வார்த்தையைத் தாண்டி வளர்ந்திருந்தது. இந்த ஊரில் முன்பு கவர்ன்மென்ட்டே சண்டு, அதாவது அபின், விற்றதாம். சீல் வைத்த சுத்தமான சரக்கு. "சுத்தம்தான். அதனாலதான் பயமில்லாம தினம் போனேன். பெண்டாட்டி விட்டுட்டுப் போயிட்டா" என்றார். தடை வந்தபின் இவர் நடுங்கி நடுங்கி விட்டுவிட்டார். அண்ணன் விடாமல் திருட்டுச் சரக்கு வாங்கிச் செத்துப்போனான். அப்படியானால் தடை நல்லதா கெட்டதா என்று கேட்டேன். எனக்கு நல்லது, அண்ணனுக்குக் கெட்டது என்று சொல்லிவிட்டு விறகு பிளக்கப் போய்விட்டார்.

என் மூளைக்கு எட்டியது இவ்வளவுதான்: அளந்து விற்கிற கடை இருந்தால் மாமாவுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் இன்றைக்குக் கடை இல்லை, மாமாவுக்கு மிச்சம் ஒரே கண்தான். ஏட்டிடம் சொல்லிவிடு என்று எழுதச் சொன்னேன். கள்ள ஜாடி செய்த கையே காட்டியும் கொடுத்தது. அடுப்பை உடைத்தார்கள். மாமா சில வாரம் உள்ளே இருந்துவிட்டு, ஒரு கண்ணோடு போனவர் அதே கண்ணோடு வெளியே வந்தார். வந்ததும் என் பேரை வீட்டில் எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். ஒரு வருஷம் எடுக்கவில்லை.

போன மாதம் மங்கலம்பேட்டை பாய் ஒருவர் ஊரிலிருந்து வந்தபோது ஒரு பொட்டலம் கொடுத்தார். வைக்கோலைப் பிரித்தால் ஜாடி. அதன் விலாவில் நான் வைத்த நீலப் பொட்டு. வாய் நிறைய மாங்காய் ஊறுகாய், அடியில் புது மெழுகு. மாமா சொல்லியனுப்பியது ஒரே வரி: "மேல இருக்கிறது உங்கக்கா போட்டது, கீழ இருக்கிறது நான் ஊத்துனது. தைரியம் இருந்தா தொறந்து பாருடா மச்சான்."

மச்சான் என்று கூப்பிட்டுவிட்டார். எனக்கு அது போதும். ஆட்டினால் உள்ளே தளும்புகிறது. தண்ணீரா, பழைய சரக்கா, கேலிக்கு மோரா, தெரியாது. ஆ ஹாக் தினமும் அதைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு மாத்தா, மாத்தா என்று சிரிக்கிறார். மேல் அறை ஊறுகாயை இங்கத்துச் சோற்றோடு சாப்பிட்டுப் பாதி தீர்த்துவிட்டேன். கீழ் அறையைத் திறக்கவில்லை. பஸ் போகும்போதெல்லாம் அலமாரி அதிரும், உள்ளே அது தளும்பும், நான் வாசலைப் பார்ப்பேன்.