எல்லை தாண்டாத மந்திரம்

எழுபதுகளின் கடைசியில், கேரள எல்லைக்குள் இருக்கும் வடகரப்பதியில் மந்திரக்காரியாக இருந்தவள் நான். சிரிக்க வேண்டாம். என் வீட்டுக்காரரின் சிநேகிதர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து ஒரு விளையாட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆளுக்கொரு வேடம், கை நிறைய விதவிதமான தாயக்கட்டை, மற்றதெல்லாம் வாய்ப்பேச்சு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடானதும் உட்காருவோம். வீட்டுக்காரர் ஆட்டத்தை நடத்துவார், கொழுந்தன் வாள்வீரன், நான் மந்திரக்காரி. விதிப்புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. அவர் படித்துச் சொன்னதுதான் எங்களுக்கு வேதவாக்கு.

எனக்கு இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாது என்றில்லை. கோயமுத்தூரில் டீச்சர் டிரெயினிங் முடித்தவள். அந்தப் பக்கத்துச் சர்டிபிகேட் கேரளத்தில் செல்லாது என்று கல்யாணமான வாரமே அவர் சொல்லிவிட்டார். அதைப் பெட்டியின் அடியில் போட்டு மூடினேன்.

அந்த மந்திரக்காரியை ஆட்டத்துக்கு ஆட்டம் பலம் கூட்டி ஆறு மாதம் வளர்த்தேன். ஒரு ஞாயிறு, ஆட்டத்தில் வேறொரு உலகத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்தோம். வாசலுக்கு அப்பால் அசுரன், இப்பால் நான். என்னிடமிருந்த பெரிய நெருப்பு மந்திரத்தை எடுத்து வீசினேன்.

"செல்லாது," என்றார் அவர். "இந்த ஒலகத்து மந்திரம் அந்த ஒலகத்துக்குத் தாண்டாது."

"ஏனுங்க, நம்ம கெணறு இந்தப் பக்கம், தோட்டம் தமிழ்நாட்டுல. இங்க மோட்டார் போட்டா தண்ணி அங்க போய் உழுகுதுங்களே? வாசல் தொறந்துதானுங்க கெடக்குது?"

கொழுந்தன் சிரித்தான்.

"புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்குது புள்ள," என்றார் அவர்.

அசுரன் வாசலைத் தாண்டி வந்து ஒரே அடியில் என்னைக் கொன்றான். அவன் மட்டும் தாண்டலாமாம். பிறகு கொழுந்தன் அவனை வெட்டி ஜெயித்தான். நான் எழுந்து போய்க் காப்பிக்கு அடுப்பு மூட்டினேன். விளையாட்டுக்குப் போய் அழுவார்களா என்று கேட்காதீர்கள். அழுதேன்.

அடுத்த சந்தை நாளில் அவர் மாடு பார்க்க வேலந்தாவளம் போனதும், டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு புத்தகத்தைப் பிரித்தேன். ஒரு மந்திரம் உலகம் விட்டு உலகம் போகுமா, போகாதா என்று எங்கேயும் சொல்லவில்லை. ஆட்டத்தை நடத்துகிறவர் தன் யோசனைப்படி முடிவு செய்துகொள்ளலாம், அவ்வளவுதான்.

சாயங்காலம் வந்தவரிடம் அந்த வரியைக் காட்டினேன். கொஞ்சம்கூடக் கூசவில்லை மனிதர்.

"ஆறு மாசமா நீயேதான ஜெயிச்சுட்டிருந்தே. சின்னவன் மொகம் சுருங்கிப் போகுதல்ல? வெளையாட்டுத்தான, உடு புள்ள."

கல்யாணமான வாரத்தில் பேசிய அதே இதமான குரல். இந்த ஐந்து வருஷத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், ஒரு ஆபீசில், ஒரு மனுஷரிடம் நான் போய்க் கேட்டதில்லை. அவர் சொன்னார், நம்பினேன்.

"ஏனுங்க, என்ற சர்டிபிகேட் இங்க செல்லாதுன்னு சொன்னீங்களே, அது எந்தப் புத்தகத்துலீங்க போட்டிருக்குது?"

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"இன்னைக்குச் சந்தையில மாடு ஒண்ணும் சரியா அமையல," என்றார்.