திருப்பித் தைத்த கோட்டு

ஒப்புரவு என்னும் பண்பை ஈகையோடு சேர்த்தே பலரும் எண்ணிவிடுகிறார்கள். இரண்டும் உடன்பிறந்தவைதாம், ஆயினும் முகம் வேறு. இருப்பவர் இல்லாதவர்க்கு இடுவது ஈகை. இட்டவரும் பெற்றவரும் மறுநாள் ஒரே தெருவில் எதிரெதிரே வந்து, இருவரில் எவர் தலையும் தாழாமல் கடந்து போகும்படி இடுவது ஒப்புரவு. ஈவதற்குக் கை நீண்டால் போதும். ஒப்புரவுக்கோ, நீண்ட கையை மறைத்துக்கொள்ளவும் தெரிந்திருக்க வேண்டும். அந்த அரிய வித்தையை ஊசியும் நூலும் கொண்டு செய்துவந்தாள் ஒரு தையற்காரி.

தெரு அவளை ஊசியக்கா என்றழைத்தது. நூல் நுழையும் அளவுக்கு மெலிந்த உடம்பு ஒரு காரணம். குத்தும் வாய் மற்றொரு காரணம். அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில், தெருவைப் பார்த்த முன்னறைதான் அவளது கடை. சன்னலோரம் இயந்திரம், நடுவில் துணி வெட்டும் அகன்ற மேசை, சுவரோரம் இஸ்திரிப் பெட்டி, தைத்து முடித்த உடுப்புகள் தொங்கும் நீண்ட கம்பி. பின்னறைகள் இரண்டில் அவளும், லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவரும், மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் மகளும் குடியிருந்தார்கள்.

தெருமுனைப் பொதுமன்றத்தில், பழந்துணி சேர்ப்பதற்கென்று ஒரு சிற்றறை உண்டு. வசதியுள்ளவர்கள் தாம் உடுத்து விட்டவற்றை அங்கே கொண்டுவந்து வைப்பார்கள்; தேவைப்பட்டவர்கள் வந்து எடுத்துப் போவார்கள். அந்த அறையின் சாவி ஊசியக்காவின் பொறுப்புக்கு வருமுன் ஒருநாள், பூங்காவில் அவள் ஒரு காட்சி கண்டாள். சறுக்குமரத்தின் உச்சியில் நின்ற ஒரு சிறுமியைப் பார்த்து இன்னொரு சிறுமி, அது தன்னுடைய கவுன் என்று மகிழ்ச்சியோடு எல்லாருக்கும் அறிவித்தாள். அறிவித்தவளிடம் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. உச்சியில் நின்றவளோ இரு கைகளாலும் நெஞ்சோடு கவுனை மூடிக்கொண்டு, சறுக்காமலே படிவழியாக இறங்கிப் போய்விட்டாள்.

மறுவாரமே ஊசியக்கா மன்றத்தாரிடம் போய், அந்தத் துணிகளை எல்லாம் தன்னிடம் விட்டுவிடும்படி கேட்டாள். அதுமுதல் அவள் ஒரு நெறி வகுத்துக்கொண்டாள்: வந்த உருவத்தில் எந்த உடுப்பும் வெளியே போகலாகாது. முழுக்கை அரைக்கையாகும், கழுத்துப் பட்டை வடிவம் மாறும், இரண்டு பாவாடைகள் சேர்ந்து ஒன்றாகும், பொத்தான்களின் இனமே மாறிப்போகும். பெறுபவர்களும் மன்றத்துக்கு வரவேண்டியதில்லை. கிழிசல் தைக்க வருபவர் போலக் கடைக்கு வந்து, மற்ற வாடிக்கையாளர்களைப் போலவே பழுப்புக் காகிதப் பொட்டலத்தோடு திரும்பிப் போவார்கள். எந்தப் பொட்டலத்தில் கூலிக்குத் தைத்தது, எதில் கொடையாய்த் தந்தது என்பது அவள் ஒருத்திக்கே தெரியும். யாருக்கு எது போயிற்று என்று அவள் எங்கும் எழுதிவைக்கவில்லை. உடுப்புகளை இப்படி உருமாற்றுவதையும் வீட்டாரன்றி வெளியே எவரும் அறியார்.

கணவர் சாப்பாட்டு வேளையில் இதைச் சொல்லிச் சீண்டாத நாள் இல்லை.

"நானும்தான் நாள் பூரா ஜனங்களை ஏத்தி இறக்குறேன். ஆனா ஏறினவன் எந்த மாடியில இறங்கினான்னு எனக்குத் தெரியும். உன் சட்டைங்க ஏறுது, அப்புறம் எந்த மாடியிலயும் இறங்க மாட்டேங்குதே" என்பார்.

"நீங்க லிஃப்ட்டை ஒழுங்கா ஓட வைங்க. போன வாரம் உங்க சொந்தக்காரரே நடுவுல மாட்டிக்கிட்டு நின்னாராமே" என்று அவள் சோற்றை அவர் பக்கம் தள்ளிவைப்பாள். மகள் சிரித்துவிட்டு, தாய்க்குப் பொத்தான் பிரித்துக் கொடுப்பாள்.

இவ்வாறிருக்க, மருந்துக்கடை அம்மா ஒருநாள் ஒரு கோட்டைக் கொண்டுவந்தார். அவர் கணவர், தெருவில் நெடுங்காலம் மருந்துக்கடை வைத்திருந்தவர், முந்தைய ஆண்டு காலமாகிவிட்டார். குளிர்காலக் காலைகளில் அந்தச் சாம்பல்நிறக் கம்பளிக் கோட்டோடு அவர் கடை திறக்கும் காட்சி அத்தெருவில் எல்லாருக்கும் பழக்கம். அம்மா அதை அலமாரியிலேயே வைத்திருந்து, பல முறை எடுத்து, பல முறை திரும்பத் தொங்கவிட்டு, இறுதியில் மனம் தேறிக் கொண்டுவந்தார். கொடுக்கும்போது கோட்டின் தோளை ஒருதரம் தடவினாரே அன்றி, வேறொன்றும் சொல்லவில்லை. ஊசியக்காவும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

நல்ல கம்பளி, வெளிப்புறம் மட்டும் வெளிறி நைந்திருந்தது. கோட்டு முழுவதையும் தையல் தையலாகப் பிரித்து, துணியின் உட்புறம் வெளியே வரும்படி திருப்பித் தைத்தாள். வெயில் காணாத உட்புறம் கருஞ்சாம்பலாய்ப் புதிதுபோல் இருந்தது. திருப்பினால் இடம் வலமாகிவிடும்; நெஞ்சுப் பை இடம்மாறி நின்று குட்டை உடைத்துவிடும். ஆகவே அந்தப் பையின் வாயை மூடினாள். பழைய பொத்தான் துளைகளை இழை இழையாய் அடைத்து, மறுபக்கத்தில் புதியவை வெட்டினாள். அகன்ற கழுத்துப் பட்டையைக் குறுக்கினாள். அவள் கைவேலையில் அதைவிடச் சிறந்தது வேறில்லை.

அது போய்ச் சேர்ந்த இடம் கணக்கு வாத்தியார். அவர் வேலை பார்த்த தனியார் பள்ளியில் மேல்வகுப்புகளை மூடியபோது அவரையும் நிறுத்திவிட்டார்கள். அதைத் தெருவில் எவருக்கும் சொல்லாமல், நாள்தோறும் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போவதுபோலவே புறப்பட்டு, ஊர் முழுதும் வேலை தேடி அலைந்தார். கால்சட்டையின் விளிம்பு தைக்க வந்தவர், அவளிடம் மட்டும், தயங்கித் தயங்கி, நேர்முகத் தேர்வுக்குப் போக ஒரு நல்ல உடுப்பில்லை என்றார். அவள் மறுபேச்சின்றி அளவெடுத்தாள். வேலை கிடைத்ததும் திருப்பித் தந்துவிடுவதாக அவர் சொன்னபோது, உங்கள் தோளுக்கு வெட்டியதை வேறு யாருக்கு மாட்டுவது என்று கடிந்து அனுப்பிவைத்தாள்.

மருந்துக்கடை அம்மாவுக்கு உள்ளே ஒரே ஓர் ஆசை இருந்தது. அந்தக் கோட்டு தெருவில் நடந்துபோவதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். குளிர் தொடங்கியதும் சன்னலோரம் நாற்காலியைப் போட்டு அமர்ந்து, போகிற வருகிற ஆண்களின் முதுகை எல்லாம் பார்த்தார். கோட்டு கண்ணில் படவே இல்லை. பின்னர் யாரோ, சந்தையில் பழந்துணிக் கடையொன்றில் சாம்பல்நிறக் கோட்டு தொங்குவதாகச் சொன்னார்கள். அம்மா போய்ப் பார்த்தார், அது வேறு. ஆனால் விதை விழுந்துவிட்டது. மற்றவர்களும் யோசிக்கலானார்கள். நாமும் எத்தனையோ கொடுத்தோம். ஒன்றையாவது யார் மேலாவது பார்த்தோமா? போன துணியெல்லாம் எங்கே போகிறது? கேள்வி வாய்க்கு வாய் நடந்து, ஊசியக்கா விற்றுக் காசாக்குகிறாள் என்னும் விடையோடு கடைவாசலுக்கு வந்து சேர்ந்தது.

வேலையில் குறையிருந்து பழி வந்தால் தாங்கிக்கொள்ளலாம். வேலை குறைவற்று முடிந்ததாலேயே பழி வந்தது. அதை மறுக்கவேண்டுமானால், பெற்றவர்களின் பெயரைச் சொல்லியாக வேண்டும்.

மன்றத்திலிருந்து அழைப்பு வந்த அன்று கணவர் சீண்டவில்லை. கோட்டைப் பெற்றவர் யாராயினும், அவர் காதில் தனியே போட்டுவைத்தால் அவரே பார்த்துக்கொள்வாரே என்று மட்டும் மெல்லச் சொன்னார்.

"போட்டா, அவர் எந்திரிச்சு நின்னுடுவாருங்க. அதுக்கா அவ்வளவு பாடுபட்டுத் திருப்பித் தச்சேன்?" என்றாள் அவள்.

மன்றத்தின் நீள மேசையைச் சுற்றி ஆட்சிக்குழுவினர் அமர்ந்திருந்தார்கள். தலைவர், வங்கியில் அதிகாரியாயிருந்து ஓய்வுபெற்றவர். அவருக்கு வலப்புறம் மருந்துக்கடை அம்மா. அம்மாவை அடுத்து, குழுவின் உறுப்பினர் என்ற முறையில், கணக்கு வாத்தியார். மேலே அந்தக் கோட்டு. வெளியே நல்ல குளிர். அவரிடம் வேறு கோட்டு கிடையாது. அவரும் வேறெதற்கோ கூட்டம் என்று நினைத்தே வந்திருந்தார் என்பது, பேச்சு தொடங்கியதும் அவர் முகம் வெளுத்ததில் தெரிந்தது. அம்மாவின் முழங்கை, அந்தக் கோட்டின் கையோடு உரசிக்கொண்டிருந்தது.

மனிதரைப் பார்க்குமுன் அவர் உடுப்பைப் பார்ப்பது தையற்காரியின் இயல்பு. அன்று அவள் கண்ணைக் கட்டிப்போட வேண்டியிருந்தது. வலத்தோள் தையல் சற்றே சுருங்கியிருப்பதை நுழையும்போதே கண்டுவிட்டாள். போய் இழுத்துவிடக் கை துறுதுறுத்தது. மேசையில் இருந்த தண்ணீர்க் குவளையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "அக்கா, உங்க மேல எங்களுக்குச் சந்தேகம் இல்ல. ஆனா கேக்குறவங்களுக்கு ஒரு பதில் வேணும்ல? அந்தக் கோட்டு இப்ப யார்கிட்ட இருக்கு? அதை மட்டும் சொல்லிடுங்க."

"தேவைப்பட்டவங்ககிட்ட இருக்கு, சார்."

"பேரு?"

"பேரைச் சொன்னா, குடுத்ததா ஆகாது சார். நடுத்தெருவுல நிக்க வச்சதா ஆகும்."

மருந்துக்கடை அம்மாவின் குரல் உடைந்தது. "நான் என்ன திருப்பியா கேக்குறேன்? கண்ணால ஒரு தடவை பாத்தா போதும்னு இருக்கேன். அதைத் தினமும் நான்தான் அவருக்கு மாட்டி விடுவேன். கண்ணைக் கட்டி விட்டாக்கூட அந்தக் கோட்டை நான் கண்டுபிடிச்சிடுவேன். எங்கயும் காணோம்னா என்ன அர்த்தம், நீயே சொல்லு."

ஊசியக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. பெறுபவரின் முகத்தை மட்டுமே இத்தனை காலம் நினைத்துத் தைத்திருக்கிறாள். கொடுப்பவருக்கும் உள்ளே நைந்த இடம் ஒன்று இருக்கும் என்று எண்ணிப் பார்த்ததே இல்லை. அம்மாவிடம் சொல்ல அவளுக்கு ஆயிரம் இருந்தது. அதில் ஒன்றையும் சொல்ல வழியில்லை.

"என் தப்பும் இதுல இருக்கு, அம்மா. ஆனா பேரு சொல்ல மாட்டேன்" என்றாள்.

அப்படியானால் அறைச் சாவியைக் குழுவிடமே ஒப்படைத்துவிடலாம் என்று தலைவர் வருத்தத்தோடு கூறினார். அவள் இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். மரத்தில் அது எழுப்பிய சிறு ஒலி அடங்குமுன் நாற்காலி ஒன்று பின்னே நகர்ந்தது.

"சார், ஒரு நிமிஷம்."

"வாத்தியாரே, உங்களுக்கு எதுக்கு இந்த வேலை? உட்காருங்க" என்றாள் ஊசியக்கா.

அவர் உட்காரவில்லை. "அந்தக் கோட்டு நான் போட்டிருக்கிறதுதான். ஸ்கூல்ல என்னை எப்பவோ நிறுத்திட்டாங்க. காலையில பையை எடுத்துட்டுப் போறேனே, அது வேலை தேடி. நல்லதா ஒண்ணு போட்டுக்கிட்டுப் போகணும்னு இவங்ககிட்ட கேட்டேன்." சொல்லிவிட்டுக் கோட்டைக் கழற்றி அம்மாவின் மடியில் வைத்தார். "இது உங்க வீட்டுதும்மா."

அம்மா அதைப் பார்த்தார், நம்பவில்லை. நிறம் அதுவல்ல, பட்டை அதுவல்ல, நெஞ்சில் பையே இல்லை. முன்பக்கத்தைப் புரட்டினார். உள்துணி முடியும் இடத்துக்குக் கீழே, இப்போது உட்புறமாகிவிட்ட பழைய முகம் தெரிந்தது: வெளிறிய சாம்பல், கடை மேசையில் ஆண்டாண்டாய் உராய்ந்து வழுவழுப்பான ஒரு தடம். அதன்மேல் விரலை வைத்தவர் நெடுநேரம் எடுக்கவில்லை. பிறகு ஊசியக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"அடிப் பாவி. பக்கத்துல உக்காந்தும் எனக்கே தெரியலையேடி" என்றார். திட்டா பாராட்டா என்று பிரிக்க முடியாத குரல் அது. எழுந்து வாத்தியாருக்குப் பின்னே போய்க் கோட்டை விரித்துப் பிடித்தார். "கையை விடுங்க. குளிர்ல எவ்வளவு நேரம் நிப்பீங்க?" அவர் கை நுழைத்ததும், பழகிய கைகள் பின்கழுத்தைச் சரிசெய்து, தோளைத் தட்டி, சுருங்கியிருந்த வலத்தோள் தையலையும் இழுத்துவிட்டன. தலைவர் சாவியை, தொட்டால் சுடும் பொருள்போல, ஒரு விரலால் ஊசியக்காவின் பக்கம் நகர்த்தினார்.

பழி நீங்கியது. ஆயினும் அவளுக்கு மகிழ்ச்சி வரவில்லை. இந்த ஒரு நொடி வரக்கூடாதென்றுதானே அத்தனை இழையையும் அடைத்தாள்? மன்றத்துப் படியில் வாத்தியாரை மறித்து, தன் பெயரைக் காக்க அவர் தன் மானத்தைச் செலவழித்துவிட்டதாக வருந்தினாள்.

"நீங்க குடுத்தப்போ நான் மறுப்பு சொல்லாம வாங்கிக்கிட்டேன்ல, அக்கா? இன்னைக்கு நான் குடுத்ததை நீங்க வாங்கிக்கக் கூடாதா?" என்றார் அவர்.

பெற்றுக்கொள்வது எவ்வளவு கடினம் என்று கொடுத்தே பழகிய அவள் அந்தப் படியில் நின்று கற்றாள்.

வாத்தியார் அஞ்சியது சிறிதளவு நடக்கவும் செய்தது. சிலர் அவரிடம் பேசும் குரல் இரக்கத்தால் ஒரு படி இறங்கியது. சிலர் வேண்டாத அறிவுரையோடு வழிமறித்தார்கள். இன்னும் அவர் வேலை தேடிக்கொண்டுதான் இருக்கிறார். மருந்துக்கடை அம்மா மட்டும், அவர் கடந்துபோகும் காலைகளில் சன்னலோரம் நின்று, பட்டை கோணியிருக்கிறது என்று அதட்டி அனுப்புகிறார். ஊசியக்கா தன் நெறியை விடவில்லை. பொட்டலங்கள் முன்போலவே போகின்றன. ஆனால் காலமானவரின் உடுப்பு வந்தால், கத்தரியை எடுக்குமுன் நாற்காலியை இழுத்துப்போட்டுக் கொண்டுவந்தவரை உட்கார வைக்கிறாள். வெட்டலாமா என்று கேட்கிறாள். சிலர் உடனே தலையசைக்கிறார்கள். சிலர் சற்று நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்து, இன்னும் கொஞ்சநாள் போகட்டும் என்று எடுத்துப் போய்விடுகிறார்கள்; அவள் தடுப்பதில்லை.

அவள் இல்லம் நலம் பெறுக. அவள் இயந்திரத்தில் நூல் அறாதிருக்க. அவள் கண்ணொளி மங்காதிருக்க. அவள் கணவர் ஏற்றி அனுப்பும் உயிர்கள் எல்லாம் இடரின்றி இறங்குக. மகளின் கைபட்டோர் பிணி நீங்குக. கொடுப்பதற்குத் திறக்கும் அவ்வீட்டுக் கதவு, பெறுவதற்கும் நாணாமல் திறக்குக. அந்த மூவரும், அவர் வழிவருவோரும், என்றும் நிமிர்ந்து நடந்து நெடிது வாழ்க.