ஒரே ரத்தம்தானே

என் வீட்டுக்காரர் ராத்திரி பஸ் ஓட்டுகிறவர்; தூக்கத்தை விரட்ட சிகரெட்டாய் ஊதித் தள்ளுவார். எவ்வளவு குறுகலான சந்திலும் அலட்டிக்கொள்ளாமல் வண்டியைத் திருப்புவார். ஊசியைக் கண்டால் மட்டும் கை கால் உதறும். அவரும் சலூன் வைத்திருக்கும் கொழுந்தனாரும் இரட்டையர்கள். ஒட்டிப் பிறக்காததுதான் குறை, அப்படி ஒரே அச்சு.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். டாக்டரம்மா அவர் கட்டிலருகே நின்று ஸ்கேன் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"போன மாசம் பஸ் கம்பெனி செக்கப்புக்கு வந்தப்போ இங்கேயே ஓடுற மெஷின்ல மூச்சு வாங்காம ஓடினாரு. ரத்தத்துலயும் ஒரு குறை இல்ல. இப்போ இதயத்து ரத்தக் குழாய் எல்லாம் அடைச்சுக் கிடக்கு. அதுக்குள்ள எப்படிம்மா? வேற ஏதாவது நோயான்னு தெரியாம ஆபரேஷன தொடங்க முடியாது."

படித்தவருக்கே புரியவில்லை என்றால் எனக்கு என்ன எழவு புரியும்? தாமதமானால் மனுஷன் கைவிட்டுப் போய்விடுவாரோ? அந்த நேரத்தில் வாய் ஓயாத கொழுந்தனார் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன முழிக்கிறீங்க? எதுவா இருந்தாலும் சொல்லித் தொலைங்க!"

"ஓடினது நான்தான் அண்ணி. வருஷா வருஷம் நான்தான் போவேன். அண்ணனுக்கு ஊசின்னா பயம். ஒரே முகம், ஒரே ரத்தம்தானே, யார் குடுத்தா என்னன்னு... சொன்னா வேலை போயிடுமேன்னுதான்..."

இரண்டு பேரையும் அங்கேயே நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது. டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மரபணு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். ஆனா எது வேலை செய்யணும், எது சும்மா இருக்கணும்னு அதுமேல சின்னச் சின்ன அடையாளம் இருக்கும். சிகரெட்டு, தூக்கமில்லாத ராத்திரி எல்லாம் அதை மாத்திடும். குழாய் கெட்டுப்போக அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்."

"அந்த அடையாளம் அழியுமா டாக்டர்?" என்றார் கட்டிலில் கிடந்தவர்.

"சிகரெட்ட விட்டா கொஞ்சம் மாறலாம். எவ்வளவுன்னு சொல்ல முடியாது."

அழியுமா, அழியாதா? என்னோடு படுத்தெழுந்த உடம்புக்குள் எனக்குத் தெரியாமல் என்னென்ன எழுதியிருக்கிறதோ! ஒன்றும் பிடிபடவில்லை. அழுகைதான் வந்தது.

"போன மாச ரிப்போர்ட் இவரோடது இல்லைன்னா குழப்பம் தீர்ந்துச்சு. இன்னைக்கே ஆபரேஷன். முதல்ல ரத்தம் எடுக்கணும்," என்றார் டாக்டரம்மா.

நர்ஸ் ஊசியோடு வந்தார். யாரும் கேட்காமலேயே கொழுந்தனார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்து கையை நீட்டினார். என் வீட்டுக்காரர் அந்தக் கையைப் பிடித்து மெல்ல இறக்கினார்.

"விடுடா. இது உன்னால முடியாது," என்று நடுங்கும் தன் மறு கையை நர்ஸிடம் நீட்டினார். தம்பியின் கையை மட்டும் விடவே இல்லை.